திறப்பு விழா ஆகாத சூரியன்

அரியலூரில் சூரியனை ஆராய்வதற்கென்று ஒரு கழகம் இருந்தது. அதற்குள் சூரியன் மட்டும்தான் வரக்கூடாது. மற்றபடி யார் வந்தாலும் சந்தனம் கொடுத்து, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள்.

‘அனைத்துலகக் கதிரவ இயற்பியல் வளர்ச்சிக் கழகம்’ என்று வாசலில் பலகை. அந்த அனைத்துலகம் மேற்கே பெரம்பலூரில் ஆரம்பித்துக் கிழக்கே உடையார்பாளையத்தில் முடிந்துவிடும். கட்டடம் ரயிலடிக்குப் பின்னால் இருந்த பழைய முந்திரிக்கொட்டைக் கிடங்கு. தகரக் கூரை. மூட்டைகளை அடுக்கோ அடுக்கென்று அடுக்குவதற்காக அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு எழுப்பியிருந்தார்கள். ஒரு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பட்டப்பகலில் கும்மிருட்டு. கிடங்கைக் கொடுத்த முந்திரி வியாபாரி அமிர்தலிங்கம் தலைவர். காலமெல்லாம் சரித்திரப் பாடம் நடத்தி ரிட்டையரான ஹெட்மாஸ்டர் காசிநாதன், கையெழுத்து அழகாக இருந்த காரணத்தால் செயலாளர்.

கழகத்தின் நோக்கம் இரண்டு. ஒன்று, சூரிய ஆராய்ச்சியை வளர்ப்பது. மற்றது, ஆராய்ச்சிக்குப் புதிதாக வரும் இளம் விஞ்ஞானிகளைக் கைதூக்கிவிடுவது. சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். அந்த இருட்டில் படிக்கத்தான் முடியாது.

எண்பதாம் வருஷம் மாசியில் நாடே பேசிய சூரிய கிரகணம் வந்ததே, அன்றைக்குக் கழகம் என்ன செய்தது தெரியுமா? ‘கிரகணத்தை முன்னிட்டுக் கழகத்துக்கு விடுமுறை’ என்று கதவில் ஒட்டிவிட்டு, உறுப்பினர்கள் அவரவர் வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். கிரகணம் விட்டதும் தலைக்குக் குளித்தார்கள். மறுநாள் கூடி, சூரியன் நலமாகத் திரும்பி வந்ததைப் பாராட்டி ஒரு தீர்மானம் போட்டார்கள். அது ஒருமனதாக நிறைவேறியது.

மலர்க்கொடி இந்தக் கழகத்தைத் தேடிக்கொண்டு வந்தது அதற்கடுத்த வருஷம், பங்குனி வெயிலில்.

அவள் பூலாம்பாடிக்காரி. அப்பா செல்லமுத்துவின் அப்பன் காலம்வரைக்கும் அடுத்தவன் வயலில் கூலிக்குக் கதிர் அறுத்த குடும்பம். செல்லமுத்து அதிலிருந்து கழன்றுகொண்டு சைக்கிள் கடை வைத்தார். அந்தக் கடையில் ஒட்டிய பஞ்சரில்தான் மலர்க்கொடி திருச்சிக்குப் போய் எம்.எஸ்ஸி. பௌதிகம் படித்தாள். இப்போது அரியலூரில் சித்தி வீட்டில் தங்கி, டுட்டோரியலில் காலை வேளையில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மலைமேல் ஒரு சூரிய ஆய்வு நிலையத்தில் உதவி ஆராய்ச்சியாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. நேர்முகத்துக்குப் போனவளிடம், “பட்டம் எல்லாரும்தான் வச்சிருக்காங்க. பாக்கத் தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டார்கள். ஒரு கரும்புள்ளி சூரியனின் ஒரு ஓரத்தில் தலைகாட்டி மறு ஓரத்தில் போய் மறைகிறவரை, நாள் தவறாமல் சொந்தக் கையால் வரைந்த படங்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். சூரியன் தன்னைத்தானே சுற்றும்போது புள்ளியும் கூடவே நகர்ந்து, ரெண்டு வாரத்துக்குள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். நடுவில் விட்டாலும் செல்லாது, கடைசிப் படம் இல்லாவிட்டாலும் செல்லாது. பங்குனி முடிந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த வாரம்தான் பேப்பரில், சூரியனில் பெரிய கரும்புள்ளி ஒன்று வந்துகொண்டிருப்பதாகவும், ரேடியோ கரகரக்கலாம் என்றும் போட்டிருந்தான். சிலோன் ரேடியோ அன்றைக்கே கரகரத்தது. சித்தி ரேடியோவின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள். மலர்க்கொடிக்கோ இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானச் சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டுக் கழகத்துக்கு ஓடினாள்.

“தொலைநோக்கியா? ஏம்மா இல்லாம? ஜெர்மனிக்காரன் குடுத்தது,” என்று காசிநாதன் பெருமையோடு உள்ளே கூட்டிப்போய் லைட்டைப் போட்டார்.

நிஜமாகவே இருந்தது. மேடையின் நடுவில், பச்சைப் பட்டுச் சுற்றி, ரோஸ் கலர் ரிப்பனில் பெரிய முடிச்சுப் போட்டு, கழுத்தில் காய்ந்த சம்பங்கி மாலையோடு சமைந்த பெண் மாதிரி நின்றது. பட்டை லேசாக விலக்கிப் பார்த்தாள். கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியில் தடிமனாகச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்கள்.

“ஆயுத பூசைக்கு வச்சது. அழிக்கக் கூடாது,” என்றார் காசிநாதன்.

“சார், இத வெயிலுக்குக் கொண்டு போயி ஒரு அஞ்சு நிமிஷம்...”

“இன்னும் திறப்பு விழா ஆவலையேம்மா.”

“எப்ப சார் வந்துச்சு இது?”

“வந்து ரெண்டு ஆயுத பூசை ஆச்சு. மெட்ராஸ் புரவலர் முத்துசாமி அய்யா வந்துதான் தொறக்கணும். ஆடியில கேட்டோம், ஆடி ஆவாதுன்னாரு. ஐப்பசியில மழை. மார்கழி பீடை மாசம். தையில அய்யாவுக்குச் சளி. இப்ப ஒருவழியா இந்தப் பங்குனிக் கடைசியில தேதி குடுத்துருக்காரு.”

பங்குனிக் கடைசியில் புள்ளி மறு ஓரத்துக்கே போய்விட்டிருக்கும். “சார், நான் ஒரு தடவை பாத்துட்டு ரிப்பன இருந்த மாதிரியே கட்டிடறேன். யாருக்கும் தெரியாது,” என்று கெஞ்சினாள்.

காசிநாதன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “திறப்பு விழா ஆவாத கருவியில பாத்தா, அது சூரியன்தான்னு யாரும்மா ஒத்துக்குவா?”

எம்.எஸ்ஸி.யில் இந்தப் பாடம் வைக்கவில்லை. தலைவரைப் பார்த்தால் வழி பிறக்கும் என்று மறுநாள் அமிர்தலிங்கத்தைப் போய்ப் பார்த்தாள்.

அமிர்தலிங்கத்துக்கு ஏக சந்தோஷம். “வாம்மா, வா. இளம் விஞ்ஞானிங்களுக்குத் தோள் குடுக்கறதுதான் இந்தக் கழகத்தோட உயிர். நாங்க எத்தன வருஷமா ஒரு இளம் விஞ்ஞானிக்காக ஏங்கிட்டிருக்கோம் தெரியுமா? நாற்காலி தூக்கிப் போட ஆளில்ல. வரவேற்புப் பத்திரம் எழுத ஆளில்ல. வாசல்ல சந்தனக் கிண்ணத்தோட நிக்க, படிச்ச பொண்ணு ஒண்ணுகூட இல்ல. ஆராய்ச்சின்னா சும்மாவா? எவ்வளவு வேலை கெடக்கு!” என்றவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “பூலாம்பாடின்னியே, அங்க எந்தத் தெரு?”

சொன்னாள்.

“ஓகோ,” என்றார். சந்தனக் கிண்ணம் அந்த நிமிஷமே அவர் அண்ணன் மகள் லீலாவதிக்குப் போய்விட்டது. மலர்க்கொடிக்கு நாற்காலிப் பொறுப்பு. அவளுக்கு முகம் சுண்டிப்போனது. விறுட்டென்று எழுந்து போய்விடலாம் என்றுதான் வந்தது. ஆனால் நாற்காலிப் பொறுப்புக்குக் கிடங்குச் சாவி சேர்த்தி. தொலைநோக்கி இருக்கும் இடத்தின் சாவி அல்லவா, வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாவி இருந்து என்ன? ரிப்பனைக் காவல் காக்க நல்லதம்பி என்று ஒரு வாட்ச்மேனைப் போட்டிருந்தார்கள். அந்த மனுஷர் கம்போடு மேடையை விட்டு இறங்குவதே இல்லை.

அன்று மத்தியானமே ஒத்திகை தொடங்கியது. கழகத்தில் எதைச் செய்தாலும் ஒத்திகை உண்டு. விருந்தினர் காரிலிருந்து இறங்குவது, தும்முவது, தண்ணீர் கேட்பது எல்லாவற்றுக்கும். வெக்கைக்காகக் கதவைச் சாத்தியிருந்தார்கள். விருந்தினர் இடத்தில் காசிநாதன் வெள்ளைச் சட்டையோடு நடுநாற்காலியில் உட்கார்ந்து, வராத மாலைக்குத் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மலர்க்கொடி நாற்காலிகளை வரிசை போட்டுவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

காசிநாதனின் வயிற்றில் ஒரு டீ சாஸர் அளவுக்கு வட்டமாக வெளிச்சம் விழுந்திருந்தது. வட்டத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கறை.

அண்ணாந்தாள். கூரையில் ஒரு போல்ட் கழன்று விழுந்த ஓட்டை. அந்த ஓட்டை சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லை. அது வழியாக வந்து அத்தனை உயரமும் இறங்கி விழுகிற வட்டம் ஓட்டையின் வடிவமல்ல, சூரியனின் படம் என்பது அவளுக்குத் தெரியும். சித்தி வீட்டுக் கூரையிலும் ஓட்டைக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் உயரம் போதாது, சூரியன் ஒரு பொட்டளவுக்குத்தான் விழும். அரியலூரில் இத்தனை உயரமும் இத்தனை இருட்டும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தது, சூரியனை ஆராய ஏற்படுத்திய இந்தக் கிடங்கில்தான்.

“சார், அசையாதீங்க!” என்று கத்திவிட்டாள்.

“என்னம்மா? தேளா?” காசிநாதன் உறைந்துபோனார்.

“தேளில்ல சார். சூரியன். உங்க வயித்துல இருக்கு. அந்தக் கறை பாருங்க, அதான் கரும்புள்ளி!”

காசிநாதன் குனிந்து பார்த்து, “சாம்பாரா இருக்கும்,” என்று தட்டிவிட்டார்.

அன்றிலிருந்து மலர்க்கொடியின் பிழைப்பு மத்தியானத்தில் நடந்தது. டுட்டோரியல் விட்டதும் ஓட்டமும் நடையுமாகக் கிடங்குக்கு வந்து கதவைச் சாத்துவாள். பலகையில் வெள்ளைத் தாளைக் குத்தி, வெளிச்சம் விழும் இடத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பென்சிலால் வரைவாள். வட்டம் நிற்காது. நகர்ந்துகொண்டே இருக்கும். அவளும் கூடவே முட்டிபோட்டு நகர்வாள். ஒருநாள் மேகம் வந்து மூடிக்கொண்டது. அது விலகுவதற்குள் அவள் வேண்டாத சாமியில்லை. இன்னொரு நாள் அமிர்தலிங்கம் சரியாக அந்த இடத்தில் பந்தல்காரனை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். “அய்யா, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க,” என்று தலைவரையே நகர்த்தினாள். நாற்காலிப் பொறுப்பு பலமாக நடப்பதாக அவர் மகிழ்ந்து போனார்.

கறை நாளுக்கு நாள் நகர்ந்தது. நடுவுக்கு வந்தது. நடுவைத் தாண்டியது. மறு ஓரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. விழாவுக்கு முதல் நாள் வரைக்கும் ஒரு படம் விடாமல் வரைந்துவிட்டாள். இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. மறுநாள் மத்தியானம் புள்ளி விளிம்பில் இருக்கும், அதற்கு மறுநாள் இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் அவள் செய்யக் கூடாததைச் செய்தாள். காசிநாதன் வந்து, “தெனம் தெனம் தரையில உக்காந்து என்னதாம்மா பண்ற?” என்று கேட்டார். சந்தோஷம் தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டாள். ஓட்டையைக் காட்டினாள், படங்களைக் காட்டினாள். புள்ளி நகர்ந்து வந்த பாதையை விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினாள். யாரிடமாவது சொல்ல மாட்டோமா என்று அத்தனை நாளும் தவித்த தவிப்பு அது.

காசிநாதன் கண் கலங்கிவிட்டார். “நம்ம கழகத்துலயா! நம்ம ஓட்டையிலயா!” என்று சொல்லிக்கொண்டே தலைவர் வீட்டுக்கு ஓடினார்.

விழா நாள். காலையிலேயே மலர்க்கொடி வந்து பார்த்தபோது கூரையில் ஓட்டையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு பச்சைப் பட்டு. அதிலிருந்து ரோஸ் கலர் ரிப்பன் தொங்கி, மேடை வரைக்கும் இறங்கியிருந்தது. பக்கத்தில் புதிதாக எழுதிய அட்டை, ‘கதிரவ ஒளிவாயில். திறந்து வைப்பவர்: புரவலர் முத்துசாமி அவர்கள்’. கீழே நல்லதம்பி கம்போடு உட்கார்ந்திருந்தார்.

“இரட்டைத் திறப்பு விழாம்மா! நேத்து ராத்திரியே அவசரக் கூட்டம் போட்டுத் தீர்மானிச்சுட்டோம். எல்லாம் ஒன்னாலதான்,” என்றார் அமிர்தலிங்கம்.

அவள் கைகூப்பினாள். “அய்யா, மத்தியானம் ஒரே ஒரு நிமிஷம் தொறந்து மூடிக்கறேன். இன்னிக்கி விட்டா எல்லாம் போச்சுங்க. என் வேலையே போயிடும்.”

“அதெப்படிம்மா? விருந்தாளி வர்றதுக்கு முன்னாலயே வெளிச்சம் உள்ள வந்துட்டா, அவரு வந்து எதத் தொறப்பாரு?”

“அவரு பத்து மணிக்கு வந்துடுவாருல்ல?”

“பத்துன்னு பத்திரிகையில போட்டுருக்கு,” என்றார் அமிர்தலிங்கம் ஜாக்கிரதையாக. பிறகு அவரும் காசிநாதனும் லீலாவதியும் சந்தனக் கிண்ணமும் மேளக்காரர்களுமாக, விருந்தினரை எதிர்கொள்ள இரண்டு வேன் வைத்துக்கொண்டு பெரம்பலூர் டிரங்க் ரோட்டுக்குப் போய்விட்டார்கள்.

பத்து ஆனது. பதினொன்று ஆனது. வேனும் வரவில்லை, விருந்தினரும் வரவில்லை. மலர்க்கொடி கிடங்குக்கும் வாசலுக்கும் நடந்தாள். வெளியே சூரியன் பாட்டுக்கு உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு துண்டுப் பட்டுத்துணிக்கு இந்தப் பக்கம் தன் வாழ்க்கை நிற்கிறதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் செல்லமுத்து வந்து சேர்ந்தார். மகளுக்கு ஏதோ கழகத்தில் விழா எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு பூலாம்பாடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். அந்தச் சட்டைப் பையிலும் ஒரு ஸ்பேனர் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் அவர் கல்யாணத்துக்கும் போனதில்லை, சாவுக்கும் போனதில்லை.

“என்னம்மா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

மலர்க்கொடி அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். பட்டு மூடிய ஓட்டையிலிருந்து நாலு முழம் தள்ளி, தகரத்தைச் சட்டத்தோடு பிடித்துக்கொண்டு இன்னொரு போல்ட். அதற்கடுத்து இன்னொன்று. கூரை முழுக்க வரிசை வரிசையாக போல்ட்.

“அப்பா, கூரை மேல ஏறி ஒரு போல்ட்டக் கழட்டித் தருவீங்களா?”

செல்லமுத்து ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. “பதினாலா, பதினாறா?” என்று போல்ட்டின் அளவை மட்டும் கேட்டார்.

நல்லதம்பி கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தார். மலர்க்கொடி குறுக்கே போய் நின்றாள்.

“அண்ணே, ரிப்பனத் தொட மாட்டோம். சத்தியமா,” என்றாள்.

நல்லதம்பி யோசித்தார். “எனக்கு ரிப்பனுக்குத்தான் உத்தரவு. கூரைக்கு உத்தரவு இல்ல,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து, “சீரியல் பல்பு கட்டுனவன் ஏணிய வெளியிலதான் சாத்திட்டுப் போயிருக்கான்,” என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய செல்லமுத்து, காய்ந்த தகரத்தில் உள்ளங்கால் பொசுங்க, “ஸ்ஸ்... ஆ...” என்று குதித்துக் குதித்து நடந்தார். மலர்க்கொடி கதவைச் சாத்திவிட்டு, உள்ளேயிருந்து நாற்காலியின் மேல் ஏறி நின்று, சேர்த்துக் கட்டிய இரண்டு நெட்டைக் கொடிக் கம்புகளால் தட்டி இடம் காட்டினாள். துருப்பிடித்த போல்ட் லேசில் மசியவில்லை. அவர் அதைத் திட்டாத வார்த்தையில்லை. கடைசியில் கிறீச்சென்று ஒரு சத்தம்.

வெளிச்சம் வந்து, புரவலருக்கென்று குவித்து வைத்திருந்த மாலைகளின்மேல் வட்டமாக விழுந்தது.

மலர்க்கொடி பலகையோடு பாய்ந்தாள். தாளைச் சாய்த்துப் பிடித்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். இருந்தது. விளிம்போடு விளிம்பாக, நகக்கீறல் மாதிரி மெலிந்து, போகப் போகிற நேரத்திலும் அவளுக்காகக் கொஞ்சம் இருந்தது. வரைந்தாள். முட்டியில் பலகையை அழுத்திக்கொண்டு வரைந்தாள். தேதியும் நேரமும் எழுதி முடித்தபோது கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தாள் நனையாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

கீழே இறங்கி வந்த செல்லமுத்து, காலைத் தேய்த்துக்கொண்டே தாளை எட்டிப் பார்த்தார். “இம்புட்டுத்தானா?”

“இம்புட்டுத்தான்ப்பா.”

“இதுக்கா கால வேக வச்ச?” என்றார். சிரிப்பு வந்துவிட்டது இருவருக்கும். போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

புரவலர் முத்துசாமி வந்து இறங்கும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. இனிமேல் ஒளிவாயிலைத் திறந்தால் இருட்டுத்தான் உள்ளே வரும் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஆனால் கழகம் அசருமா? அமிர்தலிங்கம் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கை வரவழைத்தார். நல்லதம்பியை ரிப்பன் வேலையிலிருந்து விடுவித்து, சூரியன் வேலைக்கு மாற்றினார். நல்லதம்பி விளக்கோடு கூரையில் ஏறி, ஓட்டைக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு குந்தினார்.

மேளம் முழங்க, புரவலர் கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்டினார். பட்டு சரிந்தது. தரையில் மங்கலாக ஒரு வெளிச்சம் விழுந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

பெட்ரோமாக்ஸை மொய்க்க ஒரு விட்டில் பூச்சி வந்து, அதன் நிழல் வெளிச்சத்தில் ஊர்ந்தது.

“கரும்புள்ளி! அதோ நகருது பாருங்க!” என்று காசிநாதன் துள்ளினார். “பதினஞ்சு நாள்ல நகர வேண்டியது, அய்யா வந்த ராசி, அஞ்சு நொடியில நகருது!”

பிறகு புரவலர் தொலைநோக்கியின் ரிப்பனையும் வெட்டி, குனிந்து கண்ணை வைத்தார். சந்தனமும் குங்குமமும் வைத்தது வைத்தபடி இருந்தன.

“ஒரே செவப்பா இருக்கே!” என்றார்.

“சாயந்தர சூரியனுங்க. அப்படித்தான் இருக்கும்,” என்றார் காசிநாதன்.

நிமிர்ந்த புரவலரின் இடது இமையில் குங்குமம் அப்பியிருந்தது. யாரும் சொல்லவில்லை. அந்தக் கோலத்திலேயே மைக்கைப் பிடித்தார். “சூரிய ஆராய்ச்சிக்கே என்னை அர்ப்பணிச்சுக்கிட்டவன் நான். ஆனா இத்தன வருஷத்துல ஒரு தடவகூட நான் சூரியன நேருக்கு நேரா பாத்ததில்ல. ஏன்? மரியாதை! பெரியவங்கள நிமுந்து பாக்கலாமா? இந்தக் காலத்து இளைஞர்கள் எடுத்ததும் பாக்கணுங்கறாங்க. மொதல்ல பணிவு. அப்பறம் அனுபவம். அப்பறம் பதவி. பாக்கறதெல்லாம் அதுக்கப்பறம், ரிட்டையர் ஆயிட்டு, ஓய்வா வச்சுக்கலாம்.”

அடுத்து இளம் விஞ்ஞானி விருது. செல்லமுத்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்வரிசைக்கு நகர்ந்தார். புரவலர் காகிதத்தைப் பார்த்து, “செயலாளர் காசிநாதன் அவர்கள்!” என்று படித்தார். பொன்னாடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னது மலர்க்கொடியை.

தலைமுடி வெளுத்த காசிநாதன் பொன்னாடையோடு மைக் முன்னால் தழுதழுத்தார். “இந்த வயசுல இளம் விஞ்ஞானியான்னு சில பேரு நெனைக்கலாம். சூரியனுக்கு வயசு நானூத்தி அறுபது கோடி வருஷம்! அதுக்கு முன்னால பாத்தா நான் பச்சக் கொழந்த. இளம் விஞ்ஞானின்னா சும்மா வயசு கொறைஞ்சா போதுமா? அதுக்குன்னு ஒரு முதிர்ச்சி வேணாமா? இந்த மலர்க்கொடி இருக்கு. நல்ல பொண்ணு. நாற்காலியெல்லாம் பிரமாதமா போட்டுச்சு. ஆனா இளம் விஞ்ஞானி ஆவறதுக்கு இன்னும் வயசு பத்தாது.”

பேசிக்கொண்டே கீழே பார்த்தவரின் வாய் நின்றது. தரையில் ஒளிவாயில் வெளிச்சத்துக்கு நாலு முழம் தள்ளி, இன்னொரு வெளிச்சம் விழுந்திருந்தது.

“ஏம்மா, ஒனக்கு இல்லையா?” என்று செல்லமுத்து காதோடு கேட்டார்.

மலர்க்கொடி மடியில் சுருட்டி வைத்திருந்த தாள்களைத் தொட்டுக் காட்டினாள். “எனக்கு மத்தியானமே குடுத்துட்டாங்கப்பா. வாங்க, கடைசி பஸ் போயிடும்.”

வேலை கிடைத்தது. படங்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பிப் பார்த்த அதிகாரி, எந்தத் தொலைநோக்கி என்று கேட்டார். போல்ட் ஓட்டை என்றாள். அவர் சிரிக்காமல், எவ்வளவு உயரம் என்று கேட்டார். அப்போதே அந்த இடம் தனக்குப் பொருந்தும் என்று தெரிந்துவிட்டது அவளுக்கு.

மலைக்குப் போன நாலாம் மாதம் காசிநாதனின் அழகான கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. கழகம் உருவாக்கிய மாபெரும் விஞ்ஞானி மலர்க்கொடி அவர்களுக்கு வணக்கம். தாங்கள் கண்டுபிடித்த இரண்டாம் ஒளிவாயிலுக்குத் தங்கள் பெயரையே சூட்ட ஒருமனதாகத் தீர்மானம். தங்கள் திருக்கரத்தாலேயே திறந்து வைக்க வேண்டும். தேதி தரும்வரை அது பட்டுத்துணியால் மூடப்பட்டுப் பத்திரமாக இருக்கும். முதல் ஒளிவாயில், திறப்பு விழா முடிந்துவிட்டபடியால், மழை ஒழுகாமல் தார் வைத்து அடைக்கப்பட்டுவிட்டது. செந்துறையிலிருந்து பி.எஸ்ஸி. படித்த பெண்ணொருத்தி வந்து ஏதோ கரும்புள்ளி என்று தினமும் நச்சரிக்கிறாள். அவளுக்கு நாற்காலிப் பொறுப்புக் கொடுத்து, தாங்கள் வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறோம்.

பொய் சொல்வானேன், மலர்க்கொடிக்கு உச்சி குளிர்ந்துதான் போனது. தன் பெயரில் ஓட்டை! காலண்டரை எடுத்துப் புரட்டினாள். இந்த மாதம் லீவு கிடையாது. அடுத்த மாதம் அதிகாரி ஊரில் இருக்க மாட்டார். அதற்கடுத்துப் பார்த்தால் ஐப்பசி, மழை. “ஐப்பசி ஆவாது...” என்று வாய்விட்டே சொன்னாள்.

சொன்ன வார்த்தை காதில் விழுந்ததும் காலண்டரைக் கீழே போட்டாள். அந்தக் குரல் முத்துசாமியுடையது. உடம்பெல்லாம் கூசியது. இந்த நிமிஷம் அந்தக் கிடங்கில் ஒருத்தி நாற்காலியை வரிசை போட்டுவிட்டு, அண்ணாந்து அந்தப் பட்டுத்துணியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வெளியே புள்ளி போய்க்கொண்டிருக்கும்.

கழகத்துக்குப் பதில் எழுதவில்லை. அன்றைக்கே ஒரு இன்லண்ட் லெட்டரை வாங்கி, பூலாம்பாடி சைக்கிள் கடைக்கு எழுதினாள்.

‘அப்பா, இதைக் கண்டதும் கடையைச் சாத்திவிட்டு அரியலூர் கிடங்குக்கு ஒரு நடை போய் வாருங்கள். செந்துறைப் பெண் ஒருத்தி அங்கே இருப்பாள். எந்த போல்ட் என்று அவளே காட்டுவாள். வெயிலில் தகரம் சுடும், ஈரச் சாக்குப் போட்டு ஏறுங்கள். நல்லதம்பி அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார். ரிப்பனை மட்டும் தொட வேண்டாம்.’